நிறம் ஏமாற்றும் நரிகள்: அறிகுறி வாரியாக இனம் காணும் வழிமுறை

திருகோணமலையில் எந்தத் தெருவை எடுத்தாலும் ஒரு வீட்டுப் பிள்ளை லண்டனில் இருக்கும். அடுத்த வீட்டு மருமகன் ரொறன்ரோவில் இருப்பார். மூதூர், கிண்ணியாப் பக்கம் போனால் கட்டாரும் சவூதியும். அவர்கள் அனுப்பும் படங்களில் பனியும் பிறந்தநாள் கேக்கும் போக, மிச்சத்தில் ஒரு பங்கு நரிப் படம். உயிரியல் படிப்பித்தவன் என்ற ஒரே காரணத்துக்காக அவை சுற்றிச் சுழன்று என் தொலைபேசிக்கு வந்துவிடுகின்றன. "சேர், இது கறுப்பு நரி. புது இனமா?" "சேர், வெள்ளையாக இருக்கிறது. பனிநரிதானே?" ஊருக்குள்ளிருந்தும் வரும்: தம்பலகாமத்து வயலில் காலெல்லாம் கறுத்த ஒன்று நிற்கிறது, இது வெளிநாட்டுச் செந்நரி இல்லையா என்று.

கேட்பவர்கள் எல்லோரும் நிறத்தில் தொடங்குகிறார்கள். அங்கேயே சறுக்கியும் விடுகிறார்கள். நரியின் நிறத்தை ஓரிரு மரபணுக்கள் தலைகீழாக மாற்றிவிடும். ஒரே ஈற்றில் சிவப்புக் குட்டியும் கறுப்புக் குட்டியும் பிறக்கும். காதின் அளவும் முகத்தின் நீளமும் வாலின் அளவும் அப்படி மாறுவதில்லை. ஆகவே நிறத்தைக் கடைசிக்குத் தள்ளிவைத்துத் தேடும் முறையைக் கீழே தருகிறேன். உங்கள் படத்துக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேரே போகலாம். ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் தாண்டிப் போக வேண்டாம்.

பெயர்க் குழப்பத்தை இப்போதே தீர்த்துவிடுவோம். நமது வயல்களில் ஊளையிடும் நரி, நாயும் ஓநாயும் அடங்கிய கானிஸ் பேரினத்தைச் சேர்ந்தது. செந்நரி, பனிநரி, வங்காள நரி ஆகியவை வல்பிஸ் என்ற வேறு பேரினம். கீழே முன்னதை 'நம்மூர் நரி' என்றே எழுதுகிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில்

படம் எடுக்கப்பட்ட நாட்டைக் கேளுங்கள். பாதிச் சிக்கல் இதிலேயே தீரும். பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் வெளியில் திரியும் நரி இனம் ஒன்றுதான்: செந்நரி. கறுப்போ வெள்ளையோ புள்ளி போட்டதோ, அது செந்நரியே. சுவிற்சர்லாந்தும் பிரான்சும் அப்படித்தான். அவுஸ்திரேலியாவுக்கு நரி சொந்தமே இல்லை; 19ஆம் நூற்றாண்டில் வேட்டைப் பொழுதுபோக்குக்காக ஆங்கிலேயர் கொண்டுபோய் விட்ட செந்நரியின் வழித்தோன்றல்களே மெல்பேர்ண் குப்பைத்தொட்டியைக் கிளறுகின்றன. ஐஸ்லாந்தின் சொந்த நரி பனிநரி மட்டும். இலங்கையில் வல்பிஸ் இனம் எதுவும் கிடையாது. நம்மூர் நரிதான் இந்தத் தீவின் ஒரே காட்டு நாயினம். தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டிய நாடுகள் கனடா, நோர்வே, வளைகுடா நாடுகள், இந்தியா. அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் அருகருகே வாழ்கின்றன.

அடுத்தது உடம்பு. வாலின் நுனி வெள்ளையா கறுப்பா என்று பாருங்கள். செந்நரிக்குப் பெரும்பாலும் வெள்ளை. வங்காள நரி, அமெரிக்கச் சாம்பல் நரி, நம்மூர் நரி ஆகியவற்றுக்குக் கறுப்பு. பனிநரிக்கு வால் முழுவதும் ஒரே நிறம். பிறகு காதின் பின்புறம். செந்நரியின் காதுப் பின்புறம் கறுப்பு. இது பலருக்குத் தெரியாது, ஆனால் வால்நுனியை விட நம்பகமானது. பிறகு கால்கள்: செந்நரியின் கால்களில் முன்பக்கமாக ஏறும் கறுப்பு இருக்கும். கடைசியாக அளவுப் பொருத்தம். செந்நரியின் வால் உடல் நீளத்தில் பாதிக்கும் மேல். நின்றால் ஏறக்குறைய நிலத்தைத் தொடும். நம்மூர் நரியின் வால் உடலில் மூன்றில் ஒரு பங்கு அளவு. பின்னங்காலின் குதிமூட்டைச் சற்றுத் தாண்டியதும் நின்றுவிடும்.

கண்ணின் பாவையையும் சிலர் பார்ப்பார்கள். வெளிச்சத்தில் வல்பிஸ் நரிகளுக்கு அது பூனைக்கு இருப்பதுபோலச் செங்குத்துக் கீற்று. நாய்க்கும் நம்மூர் நரிக்கும் வட்டம். நல்ல அடையாளம்தான், ஆனால் பகல் வெளிச்சத்தில் முகத்தை நெருங்கி எடுத்த படம் வேண்டும். மங்கலில் பாவை விரிந்துவிட்டால் எல்லாமே வட்டம்தான்.

இவற்றில் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். வெள்ளை நுனி இல்லாத செந்நரியும் உண்டு. இரண்டு மூன்று அடையாளங்கள் ஒரே பக்கம் சாய்ந்தால் போதும்.

அறிகுறி: உடல் முழுக்கக் கறுப்பு, வால்நுனி மட்டும் வெள்ளை

வெள்ளிநரி என்று இதற்குப் பெயர். தனி இனம் அல்ல, செந்நரிதான். உற்றுப் பார்த்தால் முழுக் கறுப்பாகவும் இருக்காது. இடுப்பிலும் பின்புறத்திலும் உள்ள நீண்ட மேல்மயிர் ஒவ்வொன்றிலும் நுனிக்குச் சற்றுக் கீழே ஒரு வெள்ளை வளையம் இருக்கும். அந்த வளையங்கள் சேர்ந்துதான் தூரத்தில் வெள்ளி பூசியது போன்ற தோற்றம் தருகின்றன. சிலவற்றில் அது உடல் முழுக்கப் பரவும், சிலவற்றில் இடுப்போடு நின்றுவிடும், சிலவற்றில் அறவே இராது.

காரணம் மயிருக்கு நிறமூட்டும் இரண்டு மரபணுக்கள்: எம்.சி.1.ஆர், அகூட்டி. இரண்டில் எது பிசகினாலும் சிவப்பு நிறமி அடங்கிக் கரிய நிறமி மேலோங்கிவிடும். கனடாவின் குளிர்ப் பகுதிகளில் இது இயற்கையாகவே அடிக்கடி நிகழ்கிறது. 1890களில் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் சார்ல்ஸ் டால்டனும் ராபர்ட் ஊல்டனும் இத்தகைய நரிகளைக் கூண்டில் வைத்து இனம்பெருக்குவதில் வெற்றி கண்டார்கள். தோல் வியாபாரம் அங்கிருந்துதான் கொழுத்தது. 1959இல் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க்கில் திமீத்ரி பெலியாயெவ் தொடங்கிய, நரியை நாயைப் போலப் பழக்கும் புகழ்பெற்ற ஆய்வுக்கும் பண்ணை வெள்ளிநரிகளே பயன்பட்டன. சாதுவான குட்டிகளை மட்டும் தெரிந்து இனம்பெருக்கிக்கொண்டே போனபோது, சில தலைமுறைகளில் நெற்றியில் வெள்ளைப் பொட்டும் உடலில் வெள்ளைத் திட்டுகளும் தோன்றின. குணத்தைத் தெரிந்தெடுத்தால் நிறமும் கூடவே மாறுகிறது என்பது நிறத்தை நம்பி இனம் சொல்பவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

சரிபார்க்கும் முறை: வால்நுனி வெள்ளை, காது நீண்டு கூர்மை, முகம் நீளம் என்றால் முடிந்தது, செந்நரி. இங்கிலாந்தில் எடுத்த படமானால் காட்டில் இயல்பாகப் பிறந்ததாகவும் இருக்கலாம், யாரோ வளர்த்துத் தப்பியதாகவும் இருக்கலாம். இனம் எப்படியும் ஒன்றுதான். வால்நுனியும் கறுப்பு, உடலும் நாய் அளவு என்றால் இந்தத் தலைப்பை விட்டுக் கடைசித் தலைப்புக்குப் போங்கள். ரொறன்ரோப் புறநகர்களில் கயோட்டி எனப்படும் ஓநாய்ச் சாதி உலவுகிறது. அதிலும் கறுப்பு உண்டு.

அறிகுறி: முதுகில் ஒரு கறுப்புப் பட்டை, தோளில் குறுக்கே இன்னொன்று

சிலுவைநரி. இதுவும் செந்நரியே, சிவப்புக்கும் வெள்ளிக்கும் இடைப்பட்ட நிறம். பக்கவாட்டில் சிவப்பு அல்லது மஞ்சள் மிச்சமிருக்கும். வால்நுனி வெள்ளையா என்று மட்டும் உறுதிசெய்துகொண்டு மேலே போங்கள். நுனி கறுப்பாக இருந்தால் அடுத்த தலைப்பு.

அறிகுறி: உடல் சாம்பல், கழுத்தும் காதோரமும் காலும் சிவப்பு

அமெரிக்கக் கண்டத்துப் படமானால் இது சாம்பல் நரியாக இருக்கக்கூடும். இது வல்பிஸ்கூட அல்ல, யூரோசியோன் என்ற தனிப் பேரினம். சிவப்புத் திட்டுகளைக் கண்டு செந்நரி என்று சொல்லிவிடுவதுதான் வழமையான பிழை. வாலைப் பாருங்கள்: மேற்பக்கம் நெடுகக் கறுப்புக் கோடு ஓடி நுனியும் கறுப்பாகவே முடியும். கால்களில் செந்நரியின் கறுப்பு இராது. மரத்தில் ஏறி நிற்கும் படம் என்றால் சந்தேகமே வேண்டாம். வளைந்த நகங்களால் தண்டைப் பற்றி ஏறுவதில் நாய்க் குடும்பத்தில் இதற்கு நிகர் அரிது. கனடாவில் இது அபூர்வம். ஒன்ராறியோவின் தென்முனையில் ஈரி ஏரியிலுள்ள பீலித் தீவில் வாழ்கிறது. ஆகவே ஸ்கார்பரோ வீட்டு முற்றத்தில் சாம்பல் நரி என்று யாராவது சொன்னால் முதலில் சிலுவைநரி என்று எண்ணிச் சரிபாருங்கள்.

அறிகுறி: வெள்ளை

அதிகம் சண்டை நடக்கும் தலைப்பு இது. வெள்ளை என்றதும் பனிநரி என்று முடிவுகட்டி, மறுத்தால் கோபிக்கவும் செய்கிறார்கள். வெள்ளையாகத் தெரிவதற்கு ஐந்து வழிகள் உண்டு. பனிநரி அவற்றில் ஒன்றுதான்.

முதலில் காதையும் முகத்தையும் பாருங்கள். பனிநரியின் காது குட்டையாய், உருண்டையாய், மயிருக்குள் பாதி புதைந்திருக்கும். மூக்கு குட்டை, கால் குட்டை. குளிரில் உடல் வெப்பம் வெளியேறும் பரப்பைக் குறைக்கும் உடலமைப்பு அது. உள்ளங்காலிலும் மயிர் இருக்கும். லாகோபஸ் என்ற அதன் அறிவியல் பெயருக்கே 'முயற்கால்' என்றுதான் பொருள். காது நீண்டு கூராக, முகம் ஒடுங்கி நீளமாக, கால் உயரமாக இருந்தால், எவ்வளவு வெள்ளையானாலும் அது செந்நரி.

இணையத்தில் மிக அதிகமாகத் தவறாகப் பகிரப்படுவது சலவைக்கல் நரி. வெள்ளை உடல், முதுகிலும் முகத்திலும் சாம்பல் அல்லது கறுப்புக் கீற்றுகள். பார்க்க அழகு, அதனால்தான் 'ஆர்க்டிக் சலவைக்கல் நரி' என்று ஒரு தலைப்போடு சுற்றுகிறது. தோலுக்காகப் பண்ணையில் உருவாக்கிய செந்நரி நிறம் அது. காட்டில் பனிநரிக்கு அப்படிக் கீற்று வருவதே இல்லை.

மூன்றாவது, நிறமி குன்றிய செந்நரி. உடல் வெள்ளையோ வெளிர்மஞ்சளோ ஆகிவிடும். கண் வழமையான மஞ்சட் பழுப்பாகவே இருக்கும். நான்காவது, வெண்தோல் குறைபாடு உள்ளது. நிறமி அறவே இல்லாததால் கண்ணும் மூக்கும் இளஞ்சிவப்பு. ஆகவே வெள்ளை நரிப் படம் வந்தால் மூக்கின் நுனியைப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுத்த மூக்கு என்றால் இந்த நான்காவதை விட்டுவிடலாம். (பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் எந்தக் கண்ணும் சிவக்கும், கண்ணை மட்டும் வைத்துச் சொல்ல வேண்டாம்.)

ஐந்தாவது, நரியில் பிழையே இல்லை, கெமராவில்தான். பனித்தரை, எதிர்வெயில், தானியங்கி ஒளியளவு எல்லாம் சேர்ந்து வெளிர்நிற நரியை வெளுப்பாக்கிவிடும். அதே படத்தில் மரப்பட்டையோ வேலியோ இயல்பான நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் வெளுத்திருந்தால் நரியைக் குறை சொல்ல முடியாது.

இன்னொன்று: கோடையில் நோர்வே மலைக்குப் போன பிள்ளை, பழுப்பு முதுகும் வெளிர் வயிறும் கொண்ட சிறு நரியைப் படம் பிடித்து அனுப்பி, 'வெள்ளை இல்லை, ஆகவே பனிநரி இல்லை' என்று வாதிடும். வெள்ளை வகைப் பனிநரி வெள்ளையாக இருப்பது குளிர்காலத்தில் மட்டும். கோடை மயிர் பழுப்பு. காதைப் பார், முகத்தைப் பார் என்று அதே பாடத்தைத் திரும்பச் சொல்ல வேண்டியதுதான்.

அறிகுறி: கரும்சாம்பல் அல்லது கோப்பி நிறம், வெள்ளி மினுக்கம் இல்லை

பனிநரியின் நீல வகை. பெயர்தான் நீலம், கண்ணுக்குத் தெரிவது சாம்பலும் பழுப்பும் கலந்த ஒரு மங்கல். குளிர்காலத்திலும் இது வெள்ளையாவதில்லை. ஐஸ்லாந்தில் இந்த வகைதான் அதிகம். கடலோரப் பாறைகளில் பனி தங்காத இடத்தில் வெள்ளை உடம்பு எளிதில் அகப்பட்டுக்கொள்ளும்.

நோர்வேயில் எடுத்த படமானால் வெள்ளிநரியோடு குழம்பும். ஒரு பார்வையில் பிரிக்கலாம்: வால்நுனி வெள்ளையும் மேல்மயிரில் வெள்ளை வளையமும் இருந்தால் வெள்ளிநரி. தலை முதல் வால் வரை ஒரே நிறமாய், காது உருண்டையாய் இருந்தால் நீலப் பனிநரி. நோர்வே 1930இலேயே பனிநரியைச் சட்டத்தால் பாதுகாத்தும் அது இன்னும் மலையுச்சிகளில்தான் ஒதுங்கி வாழ்கிறது. ஒஸ்லோ அடுக்குமாடிக் கீழே குப்பைப் பையை இழுத்ததாகச் சொன்னால் அது செந்நரி.

அறிகுறி: வெளிர் மணல் நிறம், பெரிய காது (வளைகுடாப் படங்கள்)

இங்கே முன்னே சொன்ன வால்நுனிச் சோதனை காலை வாரிவிடும். கட்டார், சவூதி, அமீரகம், ஓமான் பாலைகளில் செந்நரியும் இருக்கிறது, ரூப்பெல் நரியும் இருக்கிறது. இரண்டுக்கும் வால்நுனி வெள்ளை. அரேபியச் செந்நரி ஐரோப்பியச் செந்நரியை விடச் சிறியது, மெலிந்தது, வெளிறியது, காதும் பெரிது. காலின் கறுப்பு மங்கி, சிலவற்றில் காணாமலே போய்விடும். பார்க்கிறவர் இதைச் செந்நரி என்று நம்பவே மாட்டார்.

இந்த இடத்தில் கைகொடுப்பது காதின் பின்புறம். செந்நரி எவ்வளவு வெளிறினாலும் அங்கே கறுப்பு நிற்கும். ரூப்பெல் நரியின் காதுப் பின்புறம் உடலைப் போலவே வெளிர்நிறம். கண்ணிலிருந்து வாயோரம் இறங்கும் ஒரு கருங்கோடும் முகத்தில் தெரியும். ஆகவே வேலைத்தளத்துக்குப் பின்னால் நரி வருகிறது என்று சொல்லும் தம்பிமாரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அது திரும்பி நடக்கும்போது, தலையின் பின்பக்கம் தெரிய ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். முகத்தையே எடுத்து எடுத்து அனுப்பினால் பயனில்லை.

ஓமான், அமீரக மலைப்பாறைகளில் பிளான்போர்ட் நரி என்று ஒன்று உண்டு. சிறிய உடல், உடலளவுக்கே நீண்ட அடர்ந்த வால், பெரும்பாலும் கருத்த நுனி. செங்குத்துப் பாறையில் தாவித் திரியும். பெனெக் நரியையும் அடிக்கடி பெயர் சொல்கிறார்கள். காது 15 சென்ரிமீற்றர் வரை வளரும், உடலோ ஒன்று, ஒன்றரைக் கிலோ, வால்நுனி கறுப்பு. தாயகம் சகாரா. கட்டாரில் காது பெரிதான குட்டியைக் கண்டால் பெனெக் என்பதை விடச் செந்நரிக் குட்டி என்று எண்ணுவதுதான் நியாயம்.

அறிகுறி: வால் எலிவால் ஆகிவிட்டது, உடலில் திட்டுத் திட்டாக மயிர் இல்லை

புது இனமல்ல, நோய். சொறிப் பூச்சி தோலுக்குள் துளைத்து வாழும்போது நரி சொறிந்து சொறிந்தே மயிரை இழக்கும். தோல் தடித்துச் சாம்பலாகும். 1994இல் பிரிஸ்டல் நகரில் பரவிய சொறி அங்கிருந்த நரிகளில் பெரும்பகுதியை அழித்தது. மயிரில்லாத நரி காலும் கழுத்தும் நீண்டு பேய்போலத் தெரியும். காதும் முகமும் மாறுவதில்லை என்பதால் அவற்றை வைத்தே இனம் சொல்லலாம்.

கோடை தொடக்கத்தில் மயிர் உதிர்வது வேறு. அது காலிலிருந்து மேலேறும். தோல் ஆரோக்கியமாக இருக்கும். மேல்மயிர் முளைக்காமல் அடிமயிர் மட்டும் கம்பளியாக இருப்பது பிறவிக் குறை.

அறிகுறி: சொக்லேட் நிறக் குட்டிகள், நாய்க்குட்டியா என்ற சந்தேகம்

செந்நரிக் குட்டி பிறக்கும்போது கரும்பழுப்பு. கண் முதல் சில வாரங்களுக்கு நீலம். சிவப்பு பிறகுதான் வரும். இங்கிலாந்தில் வசந்தத்தில், தோட்டக் கொட்டிலுக்கு அடியில், வால்நுனியில் சிறு வெள்ளைப் பொட்டோடு குட்டிகள் கிடந்தால் நாய்க்குட்டி என்று தூக்கிக்கொண்டு போக வேண்டாம். தாய் பக்கத்தில்தான் இருக்கும்.

அறிகுறி: இரவுக் கெமராவில் வெள்ளையாகத் தெரிகிறது

வீட்டுப் பாதுகாப்புக் கெமராக்கள் இரவில் அகச்சிவப்பு ஒளியில் படம் எடுக்கின்றன. அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் என்ற செய்தியே இல்லை. கறுத்த மயிர்கூடச் சாம்பலாகவோ வெளிராகவோ தெரியும். மலேசியத் தீபகற்பத்தில் கருஞ்சிறுத்தைகளின் உடலில் மறைந்திருக்கும் புள்ளிகளை ஆய்வாளர்கள் கண்டதே இந்த ஒளியின் தயவில்தான். 2015இல் அந்த ஆய்வு வெளியானது. ஆகவே இரவுக் கெமராவில் 'வெள்ளை நரி' வந்தால் நிறத்தைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். வாலின் நீளம், காதின் வடிவம், நடை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மஞ்சள் தெருவிளக்கும் இதே வேலையைச் செய்யும். அதன் கீழே எல்லாமே செந்நரிதான்.

அறிகுறி: திருகோணமலையில் செந்நரியைக் கண்டேன்

காணவில்லை. ஆனால் ஏன் அப்படித் தெரிந்தது என்பதற்குக் காரணங்கள் உண்டு.

முதற் காரணம் சேறு. பெரும்போகத்துக்கு வயல் உழுது நீர் கட்டியிருக்கும் நாட்களில் நண்டுக்கும் எலிக்கும் தவளைக்கும் நம்மூர் நரி வயலில் இறங்கும். வரம்பில் ஏறி நிற்கும்போது நான்கு காலிலும் கறுப்பு. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சேற்றின் மேல்விளிம்பு நான்கு காலிலும் ஒரே உயரத்தில், நீர்மட்டத்தில் வெட்டினாற்போல நிற்கும். காலைச் சுற்றிலும் இருக்கும். வயிற்று மயிரின் நுனிகள் ஒட்டிக் கூராகத் தொங்கும். காய்ந்த இடங்கள் சாம்பலாக வெடித்திருக்கும். செந்நரியின் கறுப்பு அப்படி வெட்டி நிற்காது. காலின் முன்பக்கமாக ஒடுங்கி ஏறி, சிவப்பில் கரையும். உடனே வால்நுனியையும் பாருங்கள். கறுப்பு. காதின் பின்புறம் செம்பழுப்பு. விஷயம் முடிந்தது.

இரண்டாவது காரணம் வெயிலும் மண்ணும். நம்மூர் நரியின் மேல்மயிரில் கறுப்பும் வெளிர்மஞ்சளும் மாறி மாறி வளையமிட்டிருக்கும். ஆளுக்கு ஆள், பருவத்துக்குப் பருவம் நிறம் வேறுபடும். கால்களும் காதும் இயல்பிலேயே செம்பழுப்பு. மாரி முடிந்து மயிர் மெலிந்து, உலர்வலயத்துச் செம்மண்ணில் புரண்டு, மாலை வெயிலில் குச்சவெளி வீதியைக் கடந்தால் யாருக்கும் சிவப்பாகத்தான் தெரியும். காட்டை எரித்துப் பயிரிடும் சேனைக்குள் போய் வந்தால் அதே நரி கறுப்பு. பிறவியிலேயே கறுத்த, வெளுத்த நம்மூர் நரிகளும் மிக அருமையாக உண்டு. அவற்றையும் வாலின் குட்டை காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது, நரியே அல்ல. உப்புவெளிப் பக்கம் பகலில் வீதியைக் கடந்து, கறுத்த வால்நுனியை மேல்நோக்கி வளைத்துக்கொண்டு ஓடியது செங்கீரி. உடல் தாழ்ந்து, கால் குட்டையாக இருக்கும். இரவில் ஓட்டுக்கூரையில் நடந்தது மரநாய். இரண்டுக்கும் 'சிறு நரி' என்று பெயர் வைத்து எனக்குப் படம் வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் தெற்குக் கரிசல் காட்டில் வங்காள நரியைக் கண்ட ஒருவர், அதே சிறிய, வால் நீண்ட, வால்நுனி கறுத்த நரி இங்கேயும் இருக்குமே என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த இனம் இந்தியத் துணைக்கண்டத்தின் பெருநிலத்தோடு நின்றுவிட்டது. பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் இல்லை.

படம் தெளிவில்லை என்றால் காதைத் தீட்டுங்கள். நீலத் தொட்டியில் விழுந்து நிறம் மாறிய நரி அரசனாகி, ஊளை கேட்டதும் தன்னை மறந்து ஊளையிட்டு மாட்டிக்கொண்ட கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கதையில் விலங்கியல் சரியாகவே இருக்கிறது. அந்திசாயும் நேரத்தில் ஒன்று தொடங்க மற்றவை சேர்ந்து நீட்டி ஊளையிட்டால் நம்மூர் நரி. செந்நரி அப்படிக் கூட்டாகப் பாடாது. தனித்துக் குரைக்கும், குளிர்கால இணைசேரும் பருவத்தில் மனிதர் அலறுவதுபோல அலறும். (சாயம் கற்பனை என்று சிரிக்கவும் வேண்டாம். 2017இல் நவி மும்பையின் தலோஜா தொழிற்பேட்டையில் ஆற்றில் கலந்த சாயத்தால் தெருநாய்கள் உண்மையிலேயே நீலமாயின.)

அதிர்ஷ்டம் தருமென்று சிலர் நம்பும் நரிக்கொம்புக்காகப் படம் அனுப்பி இதற்குக் கொம்பு இருக்குமா என்று கேட்பவர்களுக்கு இந்த வழிமுறையில் தலைப்பு இல்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். பட்டப்பகலில் பயமின்றி ஆளை நோக்கி வரும் நரியை இனம் காண நிற்க வேண்டாம். நீர்வெறுப்பு நோயாக (ரேபிஸ்) இருக்கலாம். கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அறிகுறி: மேலே எதுவும் பொருந்தவில்லை

வால் முதுகின் மேல் சுருண்டிருக்கிறதா? நாய். சிவந்த ஸ்பிட்ஸ் வகை நாய்களும் ஷிபாவும் நரியென்று பலமுறை வந்துவிட்டன. காட்டு நரி எதுவும் வாலைச் சுருட்டி முதுகில் வைப்பதில்லை.

ஜேர்மனியிலிருந்து வந்த படம், கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி, குட்டைக் கால், உருண்ட உடல்? ரக்கூன் நாய். கிழக்காசியாவிலிருந்து சோவியத் காலத்தில் தோலுக்காகக் கொண்டுவந்து விடப்பட்டு ஐரோப்பாவில் பரவியது. நரி இல்லை.

கனடா, உயரமான கால், நாய் அளவு உடல், ஓடும்போது வால் கீழே தொங்குகிறது, நுனி கறுப்பு? கயோட்டி. பூனையை வீட்டுக்குள் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இவையும் இல்லை என்றால் படத்தில்தான் குறை. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நசுங்கி, வால்நுனியும் காதோரமும் கலங்கிவிடும். கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். வீடியோ இருந்தால் இன்னும் நல்லது. நான் அனுப்புபவர்களுக்குத் திருப்பி எழுதுவது இதுதான்; விரும்பினால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: "எந்த நாடு, எந்த ஊர், எந்த மாதம்? பக்கவாட்டில் நின்று கால் முதல் வால்நுனி வரை தெரியும் படம் ஒன்று. திரும்பி நடக்கும்போது காதின் பின்புறம் தெரியும் படம் ஒன்று. பக்கத்தில் வேலி, செங்கல், வாளி என்று அளவு தெரிந்த ஏதாவது இருந்தால் நல்லது. வடிகட்டி எதுவும் போட வேண்டாம். நிறத்தை எழுத வேண்டாம். அதை நானே பார்த்துக்கொள்கிறேன்."